வெறுஞ்சுற்று

கைப்பிடியைத் திருப்பினால் முதலில் ஒன்றும் நடக்காது.
டயலில் நாற்பது கோடு சும்மா ஓடும்,
பிறகுதான் உளி அசையும்.
அந்த நாற்பதை நான் எண்ணியதில்லை.
ஒன்பது வருடமாக மணிக்கட்டு எண்ணிக்கொண்டிருந்தது.
பேசிக்கொண்டே, டீயை ஊதிக்கொண்டே,
நாற்பதைத் தாண்டி நாற்பத்தைந்தில் போய் நிற்கும்.

குளச்சல், ஐஸ் பிளான்டின் பின்சந்து.
தடைக்காலம் முடியப் பதினோரு நாள்.
வாசலில் வள்ளக்காரர்களின் ஷாஃப்டுகள் சாத்திக் கிடக்க
ஷட்டரைப் பாதி இறக்கி
"லேத்துக்குச் சுகமில்லை, மூணு நாள்" என்று
அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன்.

ஸ்தனிஸ்லாஸ் குனிந்து எட்டிப் பார்த்தார்.
"தடை முடிஞ்சிட்டு வச்சா போராதா பிலோமி?"
போராது.
பதில் சொல்லாமல் கைப்பிடியைப் பிடித்து
அவருக்கு ஆட்டிக் காட்டினேன்.
ஆடுகிற பல்லைக் காட்டுகிற மாதிரி.

குறுக்குச் சறுக்கியைக் கழற்றினேன்.
நட்டின் மரை நெத்தோலி முள்ளாகியிருந்தது.
ஸ்குரூவின் இரண்டு ஓரத்திலும்
வாங்கின அன்றைய கருமை.
நடுவே நாலு விரல் தூரம்,
எல்லா வேலையும் நடந்த இடம்,
வெளுத்து ஒல்லியாயிருந்தது.
நடுவுக்கு இறுக்கினால் ஓரத்தில் சிக்கும்.
ஓரத்துக்கு விட்டால் நடுவில் ஆடும்.
சமமாகத் தேய்ந்திருந்தால்
ஒரு திருகலில் தீர்ந்திருக்கும்.

புது ஸ்குரூவுக்குக் காசுமில்லை, நாளுமில்லை.
நட்டு மட்டும் மாற்றலாம்.
முட்டத்துப் பாறையில் இடித்த புரொப்பல்லர் ஒன்று
இதழெல்லாம் போய்க் குடம் மட்டும் கிடந்தது.
நல்ல கன்மெட்டல். அறுத்து எடுத்தேன்.

ஆனால் நட்டுக்கு மரை வெட்ட லேத்து வேண்டும்,
லேத்து ஓட நட்டு வேண்டும்.

பழைய நட்டின் ஒரு பக்கத்தை வாளால் பிளந்து
பவுடர் டின் தகரத்தை மடித்துச் சொருகினேன்.
இன்னும் ஒரே ஒரு வேலை.
இரண்டு தடவை கரண்ட் போயிற்று.
துளைக்குள் மரையின் பாதியில் உளி நிற்க
இருட்டில் நானும் அப்படியே நின்றேன்,
மீன் வண்டியின் ஹாரன் தூரமாய்ப் போகிறவரை.
விடிவதற்குள் புது நட்டு பிறந்தது.
பழையதை ஸ்கிராப் டப்பாவில் போட்டேன்.
தகரம் தனியே தெறித்து விழுந்தது.

அப்புறம் கிப் பட்டை.
நீல மை தடவி, ஓட்டி, ஒட்டின இடத்தைச் சுரண்டி,
திரும்பத் தடவி, திரும்பச் சுரண்டி.
ஞாயிறு பூசையில்
நன்மை வாங்க நீட்டின கை நீலமாயிருந்தது.
சாமியார் ஒருகணம் தயங்கிவிட்டு வைத்தார்.

நாற்பது, ஆறாகிவிட்டது.
ஸ்குரூவின் நடு மெலிவு அப்படியே இருக்கிறது,
அதனால் பூச்சியம் ஆகாது.
ஹெட்ஸ்டாக்கில் சாக்பீஸால் 6 என்று எழுதினேன்,
பெரிதாக.

முதல் வேலை ஸ்தனிஸ்லாஸின் புஷ்.
சுருள் சுருளாய் மஞ்சள் உதிர்ந்தது.
உளியைப் பின்னால் இழுத்து, அளந்து,
இன்னும் ஐந்து கோடு போதும் என்று
அவரோடு டீசல் விலை பேசிக்கொண்டே திருப்பினேன்.
மணிக்கட்டு நாற்பத்தைந்து போயிற்று.

சத்தம் மாறினபோதே தெரிந்தது.
காலிபரை வைக்கவே வேண்டியிருக்கவில்லை,
ஆனாலும் வைத்தேன்.

அவர் புஷ்ஷைக் கையில் உருட்டிப் பார்த்தார்.
"மெஷினுக்க பிளே போயிட்டு.
இனி ஒனக்க கையிலதான் கெடக்கு"
என்றார். சிரிக்கவில்லை.

இரண்டாவது புஷ்ஷுக்குக் காசு வாங்கவில்லை.
வாய்விட்டு எண்ணிக்கொண்டு கடைந்தேன்,
ஒண்ணு, ரெண்டு, மூணு,
வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.
இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

தடை முடிந்த ராத்திரி
எஞ்சின்கள் ஒவ்வொன்றாய் உறுமிப் போவது
ஷட்டரின் தகட்டில் அதிர்ந்தது.
பில் புத்தகம் காற்றில் புரளாமலிருக்க
கெட்டுப்போன புஷ்ஷை அதன்மேல் வைத்திருந்தேன்.
எடுத்து இன்னொரு தடவை அளந்தேன்.
முப்பத்தெட்டு.
வேறு யாருக்காவது அந்த அளவில் தேவைப்படும்.
மார்க்கரால் அதன் வயிற்றில் எழுதி
அலமாரியில் வைத்தேன்.