மும்முனை

மிஷின் வந்த அன்று
திருவட்டாறு ஆபீசிலிருந்து ரெண்டு பேர் வந்தார்கள்.
பதினொரு பேரையும் அதைச் சுற்றி நிற்கவைத்து
போட்டோ எடுத்தார்கள்.
குளோரிபாய் கண்ணை மூடிவிட்டாள் என்று
இன்னொன்றும் எடுத்தார்கள்.
லாரி திருப்ப இடமில்லாமல்
ரப்பர் தோட்டம் வரை பின்னோக்கியே போனது.

மூன்று லட்சம் கடன்.
முப்பத்தைந்து சதவீதம் மானியம்.
மானியம் வரும், ஆனால் மூணு வருஷம்
பாங்கிலேயே இருக்கும்,
கடைக் கண்ணாடிக்குள் கிடக்கிற பலகாரம் மாதிரி.
இதை எழுத்துக் கூட்டி வாசித்துச் சொன்னது
குழுவின் செயலாளராகிய நான்.

கொப்பரையைக் கொட்டினோம்.
சுவிட்சைப் போட்டோம்.
ஒரு முனகல்கூட இல்லை.

வயர்மேன் கிறிஸ்துதாஸ்
மீட்டரைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார்.
"இது மூணு வாய் சோறு கேக்குத சாதனம்.
நீங்க ஒரு வாய் ஊட்டினா அசையுமா?"

மும்முனை மின்சாரத்துக்கு மனு.
மனுவோடு இடத்தின் பத்திரம்.
என் வீட்டின் பத்திரத்தில்
என் பெயர் இல்லை.
என் வீட்டுக்காரர் பெயரும் இல்லை.
குவைத்தில் இருக்கிற அவர் அண்ணன்
போனில் நெடுநேரம் யோசித்தார்.
"நாளைக்கு எடம் எங்களுக்குன்னு சொல்லுவினும்" என்றார்.

குளோரிபாய் வீடு மாமியார் பேரில்.
ஜெயசெல்வி வீடு கோர்ட்டில்.
லலிதா இருப்பது வாடகைக்கு.
ஒவ்வொரு வீடாக
மிஷினை மனசுக்குள் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

இடவப்பாதி பெய்தது.
கொப்பரையில் பூசணம் ஏறியது.
தார்ப்பாய்க்குள் புகுந்த கோழி
கொப்பரை போடுகிற வாயில் மூணு முட்டை இட்டது.
அதுதான் எங்கள் நிறுவனத்தின் முதல் உற்பத்தி.
பதிவேட்டில் ஏற்றவில்லை.

ரெண்டாவது தவணை கட்டிய வாரம்
ஓமனா ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தாள்.
கவருக்குள் பட்டா.
கால்வாய்க்கரையில் ரெண்டு சென்ட்,
அவள் பெயரில், அவள் பெயரில் மட்டும்.
தவணை முறையில் வாங்கியதாம்,
நூறு நாள் வேலைக் கூலியை
ஆறு வருஷமாக வீட்டுக்குத் தெரியாமல் ஒதுக்கி.

எனக்குத் தொண்டை அடைத்தது.
அந்த ஓமனாவைத்தான்
மூணு மாசம் சந்தா பாக்கி என்று
குழுவிலிருந்து நீக்கலாமென
தீர்மானம் எழுதியிருந்தேன்,
என் நல்ல கையெழுத்தில்.
சந்தா எங்கே போயிற்று என்று
ஒருத்தியும் கேட்கவில்லை.

தகரம் போட்டோம். கம்பி வந்தது.
"ஓணர் ஆரு?" என்றார் கிறிஸ்துதாஸ்.
சேறு அப்பிய கையைத் தூக்கிக் காட்டினாள்,
பள்ளிக்கூடத்தில் வருகை சொல்கிற மாதிரி.

முதல் எண்ணெய் கலங்கலாகத்தான் வந்தது.
வடிகட்டித் துணி தப்பு.
இருந்தும் ஆளுக்கொரு விரல் தொட்டு
முழங்கையில் தேய்த்துக்கொண்டோம்.

அன்றைக்குச் சாயங்காலம்
அந்தப் பழைய தீர்மானத்தை அடிக்கப் பேனாவைத் திறந்தேன்.
"கெடக்கட்டு" என்றாள் ஓமனா.
"ஆடிட்டுக்கு வாறவங்க
ஏன் வெட்டினன்னு கேப்பினும்."

மிச்சமும் ஏதோ சொன்னாள்.
மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை.