குழி நிரம்பும் நேரம்

அறுவை முடிந்து எட்டாம் மாதம்
இடது கை கனக்கத் தொடங்கியது,
சட்டைக் கைக்குள் யாரோ
ஈரத் துணியைத் திணித்து வைத்ததுபோல.

மார்போடு சேர்த்து
அக்குளில் பதினாறு கணுக்களை எடுத்தார்கள்.
பதினைந்து பழுதில்லாதவை என்று
பிற்பாடு தாளில் படித்தேன்.
வாய்க்கால் தூர்ந்தால் வயல் என்ன செய்யும்?
வருகிற நீரை வைத்துக்கொள்ளும்.

யாஸ்னா அளந்தாள்.
மணிக்கட்டிலிருந்து தோள்வரை
நான்கு சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஊதாக் கோடுகள்.
வலதைவிட ஆறு கூடுதல் என்றாள்.
இந்தக் கையில் ஊசி கூடாது,
ரத்த அழுத்தப் பட்டை கூடாது,
கத்தி படக்கூடாது, முள் கீறக்கூடாது.
வால்டீவியா ஆற்றுச் சந்தையில்
மீன் விற்கிறேன் என்றேன்.
அவள் பேனாவை மூடினாள்.

மோதிரத்தைத் தீயணைப்பு நிலையத்தில்தான் அறுத்தார்கள்.
அறுத்த பையன் மூன்று முறை மன்னிப்புக் கேட்டான்.
வாய் பிளந்த வளையத்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான்,
ஏதோ உப்பு வாங்கிப் போகிறவள் மாதிரி நடந்தேன்.

நான் இடக்கைக்காரி.
இப்போது வலக்கையால் செதில் சீவுகிறேன்,
வலக்கையால் குடலை வீசுகிறேன்.
குறி தப்புகிறது.
படித்துறையில் காத்திருக்கும் கிழட்டுக் கடல்சிங்கம்
கழுத்தை நீட்டி என்னை முறைக்கிறது.
அதற்கு யார் சொல்வது.

நீர் கோத்துக்கொண்டது என்று சொல்கிறோம்,
பூவைக் கோப்பதுபோல, பாசியைக் கோப்பதுபோல.
நூல் எது என்று தேடி
இரவில் கையைத் தடவிப் பார்த்திருக்கிறேன்.

நிபால்டோ கட்டுத்துணியைப் பிரிப்பான்.
முழங்கைக்குக் கீழே கட்டைவிரலை அழுத்தி எடுப்பான்.
அங்கே ஒரு குழி,
அரை அவரை விதை கொள்ளும் ஆழம்.
அது நிரம்பும்வரை எண்ணுவான், சத்தமாக,
படகுக்காரன் கயிற்றை எண்ணுவதுபோல.
பதினொன்று.
பதினான்கு.
ஜூன் மழையில் முப்பத்தெட்டு.
எரிவாயுக் கம்பெனி கொடுத்த நாட்காட்டியில்
எல்லாவற்றையும் எழுதி வைத்தான்.
வேறு எதற்கும் அவன் எழுதியதில்லை,
கல்யாணப் பதிவேட்டைத் தவிர.

அவன் பிறப்பதற்கு முன்
பூகம்பத்தில் நிலம் ஓர் ஆள் உயரம் இறங்கியது.
அவன் அப்பாவின் உருளைக்கிழங்கு வயலில் ஆறு ஏறியது,
வடியும் வடியும் என்று
வேலிக்கு வண்ணம்கூட அடித்துக் காத்திருந்தாராம்.
இன்று வேலிக்கால்கள் மேல் நீர்க்காகங்கள்.
வரப்பு இருந்த இடத்தில்
கறுப்புக் கழுத்து அன்னங்கள் பாசி மேய்கின்றன,
பார்க்க வருபவர்கள் அழகு, அழகு என்கிறார்கள்.
பத்திரம் இன்னும் எங்கள் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.
வரியில்லாத நிலம் என்று அவன் சிரிப்பான்,
ஆனால் டப்பாவை எறியமாட்டான்.

ஏப்ரலில் ஒரு ராத்திரி
அழுத்தினான், எடுத்தான்,
எண்ண வாய் திறந்தான்.
மறுபடி அழுத்தினான்,
நகம் வெளுக்கும் அளவு.
குழியே விழவில்லை, எடெல்மிரா!
எழுந்து ஓடி
நாட்காட்டியில் ஒரு பூஜ்யம் போட்டு
அதைச் சுற்றிச் சிவப்பில் இன்னொன்று போட்டான்.
கொண்டாட்டத்துக்கென்று வைத்திருந்த
ஆப்பிள் கள்ளைத் திறந்தான்.

முதல் வாரமே யாஸ்னா சொல்லியிருந்தாள்,
அவன் வெளியே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது.
குழி விழும்வரை அது நீர்.
விழாத நாளில் அது நீரில்லை,
தங்கிய இடத்தில் நார் கட்டி, வேர் பிடித்து,
வடியத் தெரியாத ஒன்று.

நானும் ஒரு குவளை குடித்தேன்.
இடக்கையால்தான் தூக்கினேன்,
அவன் பார்க்கட்டும் என்று.
கொஞ்சம் சிந்தியது,
இருவரும் பேசாமல் இருந்தோம், பிறகு சிரித்தோம்.

விளக்கை அணைத்த பின்னும்
அவன் கட்டைவிரல்
அதே இடத்தில் கிடந்தது,
அழுத்தாமல்.
எதையும் எண்ணாமல்.