நாடா பிடித்தவர்

தேர்வுக் குழுவில் ஏழு பேர்.
ஜெபக்கனியின் கோப்பு நான்காவது.
பதினோராண்டு, இருநூற்றுப் பத்துச் சவுக்குக் கம்புகள்,
இட்டமொழித் தேரி
எந்த மாதம் எவ்வளவு நகர்ந்தது என்று
சென்டிமீட்டரில்.

"யாரிடம் படித்தவர்?" என்றார் தலைவர்.
யாருக்கும் தெரியவில்லை.
"கல்லூரி?"
சொன்னேன்.
ஒருவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார்.
அவ்வளவுதான்,
கோப்பு அடியில் போய்விட்டது.

பதக்கம் வாங்கியவரின் கட்டுரையில்
இரண்டாம் அட்டவணை முழுக்க அவள் அளந்தது.
எனக்கு அது அப்போதே தெரியும்.
பாளையங்கோட்டைக்காரன்
ஊர்ப்பக்கத்துப் பிள்ளைக்குப் பேசுகிறான் என்று
ஒரு சொல் வந்துவிடுமோ என
கையைத் தூக்கவில்லை.
நடுநிலை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

ஆடிக் காற்றில் போனேன்.
கண்ணில் செம்மண், பல்லில் செம்மண்.
உடைமரத்தடியில் ஸ்கூட்டர்.
தலையில் துண்டு கட்டி
நூற்று நாற்பதாம் கம்பில் நின்றாள்.
மன்னிப்பை நான் வெளியே எடுப்பதற்குள்
"சார், இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தேன்.
காற்று நாடாவை வில்லாக வளைத்தது.
"இழுத்துப் பிடிங்க, தொய்ஞ்சா அளவு தப்பும்."

நாலு மீட்டர் முப்பத்தாறு.

நோட்டில் எழுதினாள்.
கடைசிக் கட்டத்தின் தலைப்பு: நாடா பிடித்தவர்.
அதன் கீழே வரிசையாக
ஐஸ் வண்டிச் சுடலைக்கண்ணு,
ஆறாம் வகுப்பு மெர்சி,
ஒருநாள் மட்டும் வந்த தபால்காரர் லெட்சுமணப்பெருமாள்.

பேனாவை உதறிவிட்டு
என் முழுப்பெயரைக் கேட்டாள்,
இனிஷியலோடு.