முடிவெட்டுகிறவளின் கார்

பெட்ரோல் போடும்போதுதான் கேட்பார்கள்:
"இது நிஜப் போர்ஷே இல்லையே?"
எண்பத்தேழில் ஒருவர், பல் டாக்டர் எகெர்ட்,
தன் வெள்ளிநிற நிஜத்தின் மேல் சாய்ந்தபடி.
தொண்ணூற்றொன்றில் இன்னொருவர்,
பின்சீட்டில் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்க:
"வேன் எஞ்சின். தெரியுமா உனக்கு?
முடிவெட்டுகிறவள் ஓட்டுகிற கார்."

கேலிக்குச் சொல்வார்கள் எல்லோரைப் பற்றியும்.
என் விஷயத்தில் அது வெறும் முகவரி.
ஹைல்ப்ரான், ஆற்றோரத் தெரு, மூன்று நாற்காலிகள்.
பின்கண்ணாடிக்குக் கீழே
பன்னிரண்டு புட்டி ஷாம்பு படுத்துக்கொள்ளும்.

வேன் எஞ்சின் என்பது வாங்குமுன்பே தெரியும்.
நெக்கார்ஸுல்ம் ஆலையில் கதவு பொருத்திய
ஸ்வோனிமிருக்குப் பிடரியில் இரண்டு சுழி.
கத்தரி அங்கே போனால் கூசும்,
கூச்சம் தெரியாமலிருக்கப் பேசுவார்:
ஃபோக்ஸ்வாகன் கேட்டது, போர்ஷே வரைந்தது,
கேட்டவர்களே பிறகு வேண்டாம் என்றார்கள்.
அளவெடுத்துத் தைத்த கோட்டை
வாங்க ஆள் வரவில்லை.
தைத்தவரே போட்டுக்கொண்டார்.

எழுபத்தைந்து ஏப்ரல். ஆலைக்குப் பூட்டு என்று பேச்சு.
ஆயிரக்கணக்கில் நடந்தார்கள் எங்கள் ஊர்வரை.
அம்மா கடைவாசலில் நின்று பார்த்தாள்,
உள்ளே ஒரு தலை பாதிச் சாயத்தோடு காத்திருந்தது.
ஸ்வோனிமிருக்குக் குதிகாலில் கொப்புளம்.
ஆலையைப் பூட்டவில்லை.
கொப்புளம் ஆறியது, கார் வந்தது என்பார்,
ஒன்றுக்காகவே மற்றது நடந்த மாதிரி.
தலையை ஆட்டாதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

எஞ்சின் முன்னால், கியர்ப்பெட்டி பின்னால்,
நடுவே கட்டைவிரல் பருமனில் ஒரு தண்டு.
நல்ல கத்தரியை அதன் திருகாணிக்குக் கீழே
ஒரே விரலில் நிறுத்திப் பாருங்கள்.
எந்தப் பக்கமும் சாயாது.
அப்படித்தான் வளைவில் போகும்.

வேகமா? டீசல் டாக்சி ஒன்று முந்தியிருக்கிறது.
டாஷ்போர்டு மூன்றாம் கோடையிலேயே வெடித்தது.
விளக்குகள் இரண்டில் ஒன்று
தூக்கக் கலக்கத்தில்தான் இமை திறக்கும்.
மழை வந்தால் வலது கால் நனையும்.
எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் சொல்லவேண்டாம்.

அக்டோபர், லோவன்ஸ்டைன் மலைச்சாலை, ஈர இலைகள்.
எகெர்ட் டாக்டர் ஹாரன் அடித்து முந்தினார்.
அடுத்த வளைவில் அவர் வண்டியின் வால்
தலையைப் பார்க்க ஆசைப்பட்டது.
திராட்சைத் தோட்டத்துக்குள் நான்கு வரிசை.
இறங்கி ஓடினேன். காயமில்லை.
கொடிக்கம்பி வைப்பரில் சிக்கியிருக்க
அவர் உள்ளேயே உட்கார்ந்து
சாவியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் காரில் ஏற்றிக்கொண்டேன்.
முழங்கால் தாடையைத் தொட, பேச்சே இல்லை.
வைன்ஸ்பெர்க் விளக்குகள் தெரிந்தபோது சொன்னார்:
"ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது."
பல்லுக்கு அவரிடமே போகிறேன் இப்போதும்.

போன மாதம் ஒருவன் கடைக்கு வந்தான்.
அந்தப் பின்சீட்டுப் பிள்ளை.
போனில் ஏதோ விலைப்பட்டியல்,
குரலில் கோயிலுக்குள் பேசுகிற தணிவு.
"எல்லாம் அசலா?"
இடது கதவு இல்லை என்றேன்.
தொண்ணூற்றெட்டில் பால்லாரி இடித்து
வேறு கதவு வாங்கினோம்,
ஓய்வுபெற்ற ஸ்வோனிமிர் தெருவிலேயே பொருத்தினார்,
கண்ணாடி போடாமல், விரலால் இடைவெளி பார்த்து.

அவன் கதவைத் திறந்தான், மூடினான்.
இன்னொரு முறை. காதைச் சாய்த்து இன்னொரு முறை.
தொகை சொன்னான். பெரிய தொகை.
நாற்காலியில் உட்காரச் சொன்னேன்,
வந்ததற்கு முடியாவது வெட்டிக்கொள்.

உச்சியில் மெலிய ஆரம்பித்திருக்கிறது.
பின்கண்ணாடியைக் காட்டும்போது
கொஞ்சம் கீழே பிடித்தேன்.