இரண்டு அங்குலம்

தரைக்கும் ஜன்னல் விளிம்புக்கும் நடுவே
நாற்பத்தாறு அங்குலம்.
விதி நாற்பத்து நான்கோடு நின்றுவிடுகிறது.
டேப்பை விட்டேன், சீறிக்கொண்டு கூட்டுக்குள் போனது.
இரண்டு வயது ஆர்லோ கைதட்டி
இன்னொரு தடவை என்றான்.
இன்னொரு தடவை அளந்தேன்.
நாற்பத்தாறு.

ஒஹாயோவில், எஃகு ஆலை போனபின் மிஞ்சிய தெருவில்
லொரெட்டா பிசார்ஸ்கியின் வீட்டில்
காலை நாலரைக்கே விளக்கெரியும்.
ஏழு குழந்தைகள் தூக்கம் கலையாமல்
தோள் மாறுவார்கள்.
தாய்மார் நெடுஞ்சாலைக் கிடங்குக்கு விரைவார்கள்,
ஐந்து மணி ஷிஃப்ட்.
அந்தக் கிடங்குக்கு மாவட்டம்
பதினைந்து வருஷ வரியை விட்டுக்கொடுத்திருக்கிறது.
வேலை பெருகும் என்றார்கள்.
பெருகவும் செய்தது, பொய் சொல்லக் கூடாது.
வேலைக்கு வருகிறவள் பிள்ளையை எங்கே விடுவாள்
என்பதற்கு மட்டும்
ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை.

"ரெண்டு கட்டைவிரல் அகலம், மேடம்.
ஜன்னலை இறக்க ஆறாயிரம் டாலர் கேக்கறான்.
அரசாங்கம் தர்ற பங்கே
எனக்கு ஆறு வாரம் கழிச்சுத்தான் வருது."
மானியம் உண்டு என்றேன்.
பத்தொன்பது பக்க விண்ணப்பம்.
இந்த வருஷ நிதி அக்டோபரிலேயே தீர்ந்துவிட்டது என்பதையும்
சொல்லித்தானே ஆகவேண்டும்,
சொன்னேன்.

சொல்லாதது ஒன்று.
பக்கத்து மாவட்டத்தில் ஒரு பிப்ரவரி:
ஹீட்டர் வயர், புகை, எட்டாத ஜன்னல்.
அப்போது நான் வேலைக்குப் புதுசு.
அளந்து வா என்று அனுப்பினார்கள்.
கரி படிந்த சுவரில்
சின்னக் கைகள் எட்டியிருந்த உயரத்தையும் அளந்தேன்.
அந்த எண் எந்த விதியிலும் இல்லை.

எனவே நாற்பத்தாறு என்றே எழுதினேன்.
அறுபது நாள் கெடு. அதுவரை பூட்டு.

ஜோலீன் இரவு ஷிஃப்டுக்கு மாறினாள்,
கணவன் முகத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்தாள்.
மாரிசெல் இரண்டு வாரம் அக்கம்பக்கம் கெஞ்சிவிட்டு
அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.
கிடங்கு வாசலில் ‘ஆட்கள் தேவை’ பேனர்
காற்றில் படபடத்தது.
கார் ரேடியோவில் ஒரு நிபுணர்,
உழைக்க வருவோர் விகிதம் சற்றே சரிந்திருக்கிறது,
காரணம் ஆராயப்படுகிறது என்றார்.
காரணத்தின் அடியில்
என் கையெழுத்து இருந்தது.

ஐம்பத்தோராம் நாள் போன் வந்தது.
"வந்து அளந்து பாருங்க."

ஜன்னல் இருந்த இடத்திலேயே இருந்தது.
தரை எழுந்திருந்தது.
கிடங்கு பின்வாசலில் வீசியெறியும் பேலட் பலகைகள்;
மாரிசெல்லின் தம்பி ஒரு டிரக் நிறையக் கொண்டுவந்து
ஆணி பிடுங்கி, இழைத்து,
அறை முழுக்க அடித்திருந்தான்.
விட்டுக்கொடுத்த வரியில் ஒரு சில்லறை
இப்படித் திரும்பியது என்று நினைத்தேன்,
சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.
மண்டியிட்டு மூன்று இடத்தில் அளந்தேன்.
நாற்பத்து நான்கு.
நாற்பத்து நான்கு.
மூன்றாவதில் ஒரு மயிரிழை குறைவு.

மாரிசெல்லின் இடத்தில் வேறு ஆள் வந்தாயிற்று.
அவளுக்குத் தரை உயர்ந்தது
தாமதமாக உயர்ந்தது.

உரிமத்தை ஒட்டப் போன திங்களன்று
கதவு நிலையில் பென்சில் கோடுகளைப் பார்த்தேன்,
ஒவ்வொன்றிலும் பெயர், தேதி.
லொரெட்டா ஆர்லோவை நிமிர்த்தி நிறுத்தித்
தலைமேல் ஸ்கேல் வைத்தாள்.
பழைய கோட்டுக்கு இரண்டரை அங்குலம் மேலே.
"ரெண்டே மாசத்துல!" என்று அவன் அம்மா வாய்பிளந்து
வாரி எடுத்துக்கொண்டாள்.
யாரும் குனிந்து தரையைப் பார்க்கவில்லை.
அரை அங்குலம் அவனுடையது.

திரும்பும் வழியில் ரேடியோ
இந்தக் காலாண்டின் வளர்ச்சியைச் சொன்னது.
சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன்.
எங்கே நின்று அளந்தார்கள் என்று
சொல்லவில்லை.