இருபது டபிள்யூ ஐம்பது

செப்டம்பர். பிஷ்கெக் சந்தையில் வெயில் முப்பது.
சுபாருவை விற்றாக வேண்டும்.
உள்ளே ஏதோ ஒன்று பிப்ரவரியிலிருந்து
தட்டிக்கொண்டே இருந்தது,
கடன்காரன் கதவைத் தட்டுகிற மாதிரி
முதலில் மெதுவாக, பிறகு பெயர் சொல்லி.

அப்லிமித்தின் கடையில் கேட்டேன்:
இருப்பதிலேயே தடித்தது எது?
அவன் எதற்கென்று கேட்கவில்லை.
கேட்காததற்கும் சேர்த்துத்தான்
டின்னுக்கு அறுபது சோம் கூடுதல்.

இருபது டபிள்யூ ஐம்பது.
புனலில் அது இறங்கிய அழகைப் பார்த்திருக்க வேண்டும்:
கம்பிப் பதம் தாண்டிய பாகு,
அவசரமே இல்லாமல், மடிந்து மடிந்து.
பேரிங்கின் தேய்ந்த இடைவெளியில் போய்
மெத்தை விரித்துப் படுத்துக்கொண்டது.
முடுக்கினேன். சத்தமில்லை.
முழுப் பூசணிக்காயை நான் சோற்றில் மறைக்கவில்லை,
நான்கரை லிட்டர் எண்ணெயில்.

ஜிபார் வந்தாள். நாரினில் நர்ஸ்.
இரவுப் பணிக்குப் போய்வர வண்டி வேண்டுமாம்.
பானெட்டைத் திறந்து, காதைச் சாய்த்து,
வெகுநேரம் கேட்டாள்.
"அமைதியாக இருக்கிறதே" என்றாள்.
"ரொம்ப" என்றேன்.
மூன்று லட்சத்து இருபதாயிரம் சோம்.
நோட்டுகளில் ஆஸ்பத்திரி வாடை.

அக்டோபர் முழுக்க நன்றாகத் தூங்கினேன்.
நவம்பர் ஒன்பதாம் தேதி இரவு
டிவியில் வானிலைப் பெண் ஊர் ஊராக வந்தாள்:
ஓஷ் மைனஸ் இரண்டு,
தலாஸ் மைனஸ் ஒன்பது,
நாரின் மைனஸ் இருபத்தெட்டு.
என் சூப்பின் மேல் கொழுப்பு ஆடை கட்டியிருந்தது.
கரண்டியால் தொட்டேன். சுருங்கியது, உடையவில்லை.

எண்ணெய்க்கு இரண்டு எண்.
கொதிக்கும்போது எப்படித் தாங்கும் என்பது பின்னெண்.
முன்னெண் விடியற்காலைக்கு.
நான் பின்னெண்ணை மட்டும் பார்த்து வாங்கினேன்.
விற்கிறவனுக்கு விடியற்காலை எதற்கு?

அவள் சாவியைத் திருப்புவாள்.
அடியில் அது தாராக இறுகிக் கிடக்கும்.
பம்ப் உறிஞ்சும், வராது.
அந்தச் சில நொடிகள்
இரும்பு இரும்பை வெறும் வாயால் மெல்லும்.

விற்பனைச் சீட்டின் நகலில் நம்பர் இருந்தது.

"ஐந்து டபிள்யூ நாற்பது போடுங்கள். நாளைக்குள்."
"இப்போது என்ன இருக்கிறது?"
சொன்னேன்.
"மாற்றினால்?"
"ஸ்டார்ட் ஆகும்."
"அப்புறம்?"
"தட்டும்."
"எப்போதிலிருந்து?"
மறுமுனையில் யாரோ தண்ணீர் கேட்டார்கள்.
கொடுத்துவிட்டு வந்து
அதே கேள்வியை அதே குரலில் கேட்டாள்.
"பிப்ரவரி."
"நீங்களே கொண்டு வாருங்கள்."
வைத்துவிட்டாள்.

தோலோன் கணவாயைத் தாண்டும் வேனில்
மடியில் ஐந்து லிட்டர் டின்,
சட்டைக்குள் நாற்பதாயிரம் சோம்,
பக்கத்து இருக்கையில் வழியெல்லாம் என் தோளில் தூங்கிய
முன்பின் தெரியாத ஒருவர்.

அவள் முற்றத்தில் வடிதிருகைக் கழற்றினேன்.
எதுவும் விழவில்லை.
விரல் தடிமனில் ஒரு கறுப்பு நாக்கு
எட்டிப்பார்த்து அங்கேயே நின்றுவிட்டது.
தகரத் தட்டில் கரியைக் கனலவைத்து
வண்டிக்கு அடியில் தள்ளினோம்.
முக்கால் மணி நேரம். அவள் பேசவில்லை.
நான் பேச இருந்ததெல்லாம்
சொட்டுச் சொட்டாக வாளிக்குள் போயிற்று.

புதியது ஓடுகிற ஓட்டம் வேறு.
இரண்டாம் சுற்றிலேயே பிடித்தது.
டக். டக். டக்.
பக்கத்து வீட்டு நாய் தலை தூக்கிப் பார்த்தது.

ஜிபார் கோட்டுக்குள்ளிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தாள்.
இன்ஜின் விலாவில் வைத்து, கண்ணை மூடி,
நகர்த்தி, நிறுத்தி, நகர்த்தி,
"மூன்றாவது" என்றாள்.

உறையை நீட்டினேன்.
கையுறையைக் கழற்றிவிட்டு எண்ணினாள்.
மறுபடியும் எண்ணினாள்.
"பிப்ரவரியிலிருந்து என்றீர்கள்.
இது மே வரைக்கும்தான் வருகிறது."