பெயர் மறைத்த திரை

பள்ளத்தூர் பால் சங்கம். ஒன்பது பேர்,
காரைக்குடியில் வாடகைக்கு எடுத்த ஒன்பது கணினி.
குளிரூட்டும் நிலையம் எங்கே கட்டுவது?
வாயால் பேசிய மூன்று கூட்டத்திலும்
தலைவர் அடைக்கலம் இருமினால்கூட
ஏழு தலை ஆடியது.

இன்று பெயர் கிடையாது. எழுத்து மட்டும்.
"கம்மாக்கரை எடம் வேணாம்.
ஐப்பசியில பால்வண்டி நீந்தித்தான் வரணும்."
ஆறு வாக்கு.
"செயலாளர் மூளையே மூளை" என்றது ஒரு குரல்.
செயலாளர் மறுக்கவில்லை.

எந்தக் கணினி யார் முன்னால் என்று
எனக்குத் தெரியும்.
ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள் மீனாள்,
அந்த அறையின் ஒரே பெண்.

முடிவைச் சேமிக்கையில்
கைதவறிப் பெயர்களைத் திறந்துவிட்டேன்.

அடைக்கலம் இருமினார்.
"எதுக்கும் இன்னொருதரம் வாக்கு வச்சிருவோமே."

இம்முறை ஏழு, கம்மாக்கரைக்கு.
கீழே ஒரு வரி ஊர்ந்து வந்தது, பெயரோடு:
மீனாள் – சரி, நீந்தட்டும்.